சகாயராணி அம்மாவும் புளிக்காத ரத்தமும்

சகாயராணி அம்மா 1956-ஆம் வருஷம் திண்டுக்கல் கல்லூரி ஒன்றில் விரிவுரையாளராகச் சேர்ந்தபோது, அவர் எதைப் படித்துவிட்டு வந்திருக்கிறார் என்பது ஊரில் ஒருவருக்கும் சரியாக விளங்கவில்லை. சென்னையில் எம்.எஸ்ஸி. முடித்தவர், தசை எப்படி வேலை செய்கிறது, எப்படிக் களைக்கிறது என்று ஆராய்ந்தவர் என்று கல்லூரியில் சொன்னார்கள். அது மேட்டுப்பட்டித் தெருவுக்கு வந்து சேர்வதற்குள் 'சதை டாக்டர்' ஆகிவிட்டது. காலையில் அவர் வீட்டு வாசலில் மூட்டுவலிக்காரர்கள் வந்து நின்றார்கள். ஒல்லிப் பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்த தாய்மார்கள், "இதுக்குச் சதை பிடிக்க ஏதாச்சும் குடு தாயி" என்று கேட்டார்கள்.

"எனக்கு வைத்தியம் தெரியாதும்மா. நான் தவளைக்காலை வச்சு ஆராய்ச்சி பண்ணுனவ."

"அந்தத் தவளைக்குக் கொடுத்ததையே கொஞ்சம் குடு."

அவருடைய அம்மாவுக்கு வேறு கவலை. "தவளைக்காலை ஆட்டிப் பாக்குறதுக்கா இவளை மெட்ராசுக்கு அனுப்புனோம்? எந்த மாப்பிள்ளை வீட்டுல போய் இதைச் சொல்ல?" என்று கோயிலுக்குப் போகும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போவார். மாப்பிள்ளை வீட்டாரிடம் கடைசிவரை சொல்ல வேண்டியிருக்கவில்லை. சகாயராணி அம்மா தசையோடு நின்றுவிட்டார்.

நான் 1958-இல் அவர் இருந்த விலங்கியல் துறையில் டெமான்ஸ்ட்ரேட்டராகச் சேர்ந்தேன். செம்பட்டிக்குக் கிழக்கே எங்கள் ஊரில் பெயருக்குப் பின்னால் பி.எஸ்ஸி. போட்டுக்கொண்ட முதல் ஆள் நான்தான். இந்த இடத்தில் அதைச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. இருந்தாலும் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

அவர் ஆராய்ச்சியை எனக்கு விளக்கியது இப்படித்தான். தசை கடுமையாக வேலை செய்தால் அதில் லாக்டிக் அமிலம் உண்டாகும். தயிரைப் புளிக்க வைக்கிற அதே அமிலம். அது ரத்தத்துக்கு வரும். ஒரு சொட்டு ரத்தத்தை எடுத்து, சில மருந்துகளைச் சேர்த்துக் காய்ச்சினால் குழாயில் ஊதா நிறம் வரும். அமிலம் அதிகமானால் ஊதாவும் ஆழமாகும். அவ்வளவுதான். உழைத்தவனின் ரத்தம் எவ்வளவு ஊதா, எவ்வளவு நேரத்தில் அது தெளிகிறது, பழக்கப்பட்ட ஆளுக்கும் பழகாத ஆளுக்கும் அதில் என்ன வித்தியாசம் என்று கண்டுபிடித்து டாக்டர் பட்டம் வாங்க வேண்டும் என்பது அவர் ஆசை.

நான் ஊருக்குப் போயிருந்தபோது இதைப் பெருமையாக எடுத்துச் சொன்னேன். என் தாய்மாமன் மொக்கைச்சாமி வாயைப் பிளந்து கேட்டார். "அப்ப உழைச்சா ரத்தம் புளிச்சுப் போகுமா மாப்ள?"

"ஒரு வகையில அப்படித்தான் மாமா."

உள்ளேயிருந்து ராமுத்தாய் அத்தையின் குரல் வந்தது. "அப்ப உங்க மாமன் ரத்தம் பாலு மாதிரி இருக்கும்ப்பா. கவலையே வேணாம்."

கல்லூரியில் ஆராய்ச்சிக்கென்று அம்மாவுக்குக் கொடுத்த அறை சைக்கிள் கொட்டகையை ஒட்டியது. முதலில் அங்கே தவளைதான். மழைக்காலம் முடிந்ததும் தவளை கிடைக்காமல் போனது. ஆட்டுத் தசைக்கு மாறினோம். பிரியாணிக் கடை வைத்திருந்த ஜமால் முகமது பாய் விடியற்காலையில் ஆடு அறுத்த சூட்டோடு ஒரு துண்டுத் தொடைக்கறி தருவதாக ஒப்புக்கொண்டார். காசு வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தார் போலிருக்கிறது.

ஒரு வாரம் நன்றாகப் போனது. அப்புறம் ஒருநாள் குழாயில் ஊதா வரவில்லை. மஞ்சளாக ஏதோ வந்தது. மறுநாளும் மஞ்சள். அம்மா மருந்தையெல்லாம் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலந்தார். மூன்றாம் நாள் இலைப் பொட்டலத்தை முகர்ந்து பார்த்துவிட்டு நேரே கடைக்குப் போனார்.

"பாய், கறியில என்ன போட்டீங்க?"

"மஞ்சளும் உப்பும்தான் டீச்சர். வெயிலா இருக்கு, கெட்டுப்போயிடும்னு தடவச் சொன்னேன்." பாய் குரலைத் தாழ்த்தினார். "இஞ்சி பூண்டு நேத்துதான் சேர்த்தேன். நல்லா இல்லையா?"

அத்தோடு ஆடும் முடிந்தது. "இனிமே மனுஷன்தான்" என்றார் அம்மா.

மனிதனைக் களைக்க வைக்க ஒரு யந்திரம் வேண்டுமே. சைக்கிள் கடைக்காரரைப் பிடித்து, ஒரு பழைய சைக்கிளை நிற்க வைத்து, பின்சக்கரத்துக்குப் பதில் கனமான இரும்புச் சக்கரம் ஒன்றை மாட்டச் சொன்னார். சக்கரத்தின் மேல் தோல் பதனிடும் ஷெட்டில் வாங்கிய பட்டை ஒன்று. பட்டையின் நுனியில் காய்கறிக் கடைப் படிக்கல். பட்டையை இறுக்கினால் பெடல் மிதிப்பது வண்டி மாடு இழுப்பது மாதிரி. தளர்த்தினால் குழந்தை கூட மிதிக்கலாம். எத்தனை சுற்று சுற்றியது என்று காட்ட ஒரு கணக்குமானி. ஏறி உட்கார்ந்தவர், சாவி கொடுத்தால் ஒரே தாளத்தில் அடிக்கும் தாளப்பெட்டியின் டக் டக் சத்தத்துக்கு மிதிக்க வேண்டும். இனி முடியாது என்றதும் சொல்ல வேண்டும். சொன்னதும் விரல் நுனியில் ஒரு குத்து. இதில் எங்கே தப்பு வரும் என்று எனக்கோ அம்மாவுக்கோ தோன்றவே இல்லை. அதுவரை தவளையோடு பழகியவர்கள் நாங்கள். தவளைக்குச் சம்பந்தி வீடு கிடையாது.

முதல் ஆளாக நான் கூட்டிவந்தது மொக்கைச்சாமி மாமாவை. கத்தரிக்காய் மூட்டையை மார்க்கெட்டில் இறக்கிவிட்டு, அவருடைய மைத்துனர்கள் மூவரையும் கூட்டிக்கொண்டு வந்தார். சர்க்கஸ் பார்க்க வந்த மாதிரி அவர்கள் சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்கள்.

"களைச்சுப்போனா உடனே சொல்லிரணும் அண்ணே" என்றார் அம்மா.

"களைப்பா?" மாமா மைத்துனர்களைப் பார்த்துச் சிரித்தார். "எனக்கா? ஏலே, கேட்டீகளா?"

மிதித்தார். மிதித்துக்கொண்டே இருந்தார். முகம் சிவந்து, கருத்து, அப்புறம் வெளிறியது. வாய் திறந்து மூச்சு வாங்கியது. ஆனால் மைத்துனர்கள் பக்கம் முகம் திரும்பும்போதெல்லாம் வாய் மூடிக்கொண்டது.

"அண்ணே, களைப்பா இருக்கா?"

தலையை மட்டும் ஆட்டினார், இல்லையென்று. அந்த ஆட்டத்திலேயே நிலைதவறிச் சக்கரத்தோடு சாய்ந்து, படிக்கல்லை இடறி, தரையில் விழுந்தார். நாங்கள் தண்ணீர் தெளித்தோம். கண் விழித்து அவர் சொன்ன முதல் வார்த்தை: "காலு வழுக்கிருச்சு."

"மாமா, களைச்சுத்தானே விழுந்தீங்க?"

"பெடல்ல எண்ணெய் போட்டிருக்காய்ங்க மாப்ள. எவன் போட்டான்?"

விரலைக் குத்த விடவில்லை. விழுந்தவன் ரத்தத்தை வைத்துக் கணக்கு எழுதக்கூடாது என்று எழுந்து போய்விட்டார்.

அடுத்தடுத்து மார்க்கெட்டிலிருந்து வந்தவர்கள் எல்லாரிடமும் இதே கதைதான். ஒருவர் வேட்டி பெடலில் மாட்டியதால் இறங்கினார். ஒருவருக்குத் திடீரென்று மாடு நினைவுக்கு வந்தது. ஒருவர் இறங்கவே இல்லை; தூக்கி இறக்கினோம். களைப்பு என்று ஒரு வார்த்தையை எவர் வாயிலிருந்தும் வாங்க முடியவில்லை.

காரணம் ராமுத்தாய் அத்தை சொல்லித்தான் புரிந்தது. மாமாவுக்குக் கல்யாண வயதில் மகள். செம்பட்டியிலிருந்து சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். "மூச்சு வாங்குச்சுன்னு ஒரு வார்த்தை வெளிய போனா, அந்தக் குடும்பத்துக்கே இளைப்புன்னு சொல்லீருவாக டீச்சரம்மா. அப்புறம் எவன் பொண்ணெடுப்பான்? எல்லா வீட்டுலயும் ஒரு பொண்ணோ பையனோ இருக்குல்ல?"

இளைப்பு நோய் பரம்பரையாக வரும் என்று எங்கள் பக்கம் பயம். பெண் பார்க்கப் போகிறவர்கள் சொத்தை விசாரிப்பதற்கு முன்னால் அதைத்தான் விசாரிப்பார்கள். அப்படியிருக்க, ஒரு மெஷினில் ஏறி உட்கார்ந்து, நாலு பேர் பார்க்க மேல்மூச்சு வாங்கி, அதைக் கல்லூரியில் எழுதியும் வைத்துக்கொள்ளச் சொன்னால்?

அம்மா யோசித்தார். "சரி, யாரும் பார்க்க வேண்டாம். தனியா மிதிக்கட்டும். நாம வெளிய நிப்போம்" என்றார்.

அப்படியே செய்தோம். மாமாவை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினோம். கொட்டகையில் நின்று காதைத் தீட்டிக்கொண்டோம். சக்கரம் சீராகச் சுற்றியது, டக் டக்கோடு ஒட்டி. நேரம் போய்க்கொண்டே இருந்தது. மதிய மணி அடித்தது, சக்கரம் சுற்றியது. மாணவர்கள் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினார்கள், சக்கரம் சுற்றியது. அம்மா என் முகத்தைப் பார்த்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். ஒருவழியாக உள்ளேயிருந்து, "போதுமா, இன்னும் செத்த நேரம் மிதிக்கவா?" என்று குரல் வந்தது.

உள்ளே போனால் மாமாவின் நெற்றியில் ஒரு சொட்டு வியர்வை இல்லை. விரலை அவரே நீட்டினார். ரத்தத்தைக் காய்ச்சினோம். ஊதா இல்லை. உட்கார்ந்து ஓய்வெடுக்கிற மனிதனின் ரத்தம் எப்படி இருக்குமோ அப்படியே வெளிறிக் கிடந்தது குழாய். கணக்குமானியைப் பார்த்தால் கொடைரோடு வரைக்கும் சைக்கிளில் போன கணக்கு.

அடுத்த வாரமும் அதேதான். அதற்கடுத்த வாரம் மைத்துனர்களில் ஒருவர். அவருக்கும் ஊதா இல்லை.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. "அம்மா, இவுகளுக்கு லாக்டிக் அமிலமே ஊறல!"

அவர் முதலில் நம்பவில்லை. மருந்தை மாற்றினார். தன் ரத்தத்தையே எடுத்துப் பார்த்தார். என்னைக் கல்லூரியைச் சுற்றி ஓடவிட்டு என் ரத்தத்தை எடுத்தார், நல்ல ஊதா. (பி.எஸ்ஸி. படித்தவனுக்கு வருகிறது, மாமாவுக்கு வரவில்லை என்பது எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது.) கடைசியில் அவரும் நம்பினார். நம்பாமல் என்ன செய்வது? எண்கள் எல்லாம் ஒரே பக்கம் நின்றன. சமவெளியில் பரம்பரையாக உழுது பிழைத்தவர்களின் தசை, அமிலம் சேராமல் வேலை செய்யப் பழகியிருக்கலாம் என்று சென்னைக்கு எழுதினார். அவர் ஆராய்ச்சிக்கு உதவித்தொகை தருவதா நிறுத்துவதா என்று தீர்மானிக்கும் பேராசிரியர் ஒருவர் அங்கே இருந்தார்.

பேராசிரியர் துள்ளிக் குதித்துவிட்டார். தாமே நேரில் வந்து பார்ப்பதாகப் பதில் வந்தது. அதற்குள் இரண்டு கூட்டங்களில் 'திண்டுக்கல் மனிதன்' என்று பேசியும் விட்டாராம்.

எங்கள் பிரின்சிபாலுக்கு இது நல்ல சேதியாகப் படவில்லை. சைக்கிள் கொட்டகை அறையில் கேரம் பலகை போட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் திட்டம். "வரட்டும். அவர் சரின்னு சொன்னா அறை உங்களுக்கு. இல்லேன்னா அடுத்த மாசமே காலி பண்ணிடணும். உதவித்தொகையும் இல்லாம, அறையும் இல்லாம என்ன ஆராய்ச்சி? பேசாம மண்புழு அறுக்கச் சொல்லிக் கொடுங்க" என்றார் அம்மாவிடம். அறை போனால் யந்திரம் போகும். யந்திரம் போனால் டாக்டர் பட்டம் போகும். ஓய்வுபெறும் வரைக்கும் மண்புழுதான்.

பேராசிரியர் வரும் நாள் வந்தது. மத்தியானம் ரயில். காலையில் ஒருதரம் ஒத்திகை பார்த்துவிடலாம் என்று மாமாவை வரச்சொல்லிக் கதவைச் சாத்தி, வழக்கம்போல வெளியே நின்றோம். சக்கரம் சீராகச் சுற்றிக்கொண்டிருந்தது. அப்போது ராமுத்தாய் அத்தை தூக்குச்சட்டியோடு வந்தார்.

"உங்க மாமன் சோத்துக்கு வெஞ்சனத்தை விட்டுட்டு வந்துட்டாரு. எங்க அவரு?"

நாங்கள் தடுப்பதற்குள் கதவைத் தள்ளித் திறந்துவிட்டார்.

உள்ளே மாமா என்னுடைய நாற்காலியில், கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். இடது கையில் பீடி. வலது கையால் பெடலைத் தொட்டில் ஆட்டுவது மாதிரிச் சுற்றிக்கொண்டிருந்தார். தோல் பட்டை தளர்த்தி விடப்பட்டிருந்தது. படிக்கல் தரையில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

அத்தை ஒரு நிமிஷம் பார்த்தார். "ஓஹோ. இதுதான் புளிக்காத ரத்தமா?"

மாமா பீடியை நாற்காலிக்கு அடியில் போட்டு மிதித்தார். "இப்பத்தான் உக்காந்தேன்."

அம்மா மெல்ல நடந்து போய்ப் படிக்கல்லைத் தூக்கி மேஜைமேல் வைத்தார். ஆண்களின் மானத்துக்குப் பயந்து கதவைச் சாத்தியவர், அந்தக் கதவுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று ஒருதடவைகூடத் திறந்து பார்க்கவில்லை. சென்னையில் இரண்டு கூட்டங்களில் திண்டுக்கல் மனிதன் பேர் வாங்கிவிட்டான்.

"அம்மா," நான் மெதுவாகச் சொன்னேன், "இன்னைக்கும் கதவைச் சாத்திரலாமே. பேராசிரியரும் வெளிய நின்னுதானே கேக்கப் போறாரு?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில் என் பி.எஸ்ஸி.யில் பாதி உதிர்ந்துவிட்டது. "ஸ்டேஷனுக்குப் போவோம். வண்டியை விட்டு இறங்கினதும் சொல்லிடணும்" என்றார்.

சொன்னார். பிளாட்பாரத்தில், பேராசிரியர் கையிலிருந்த பெட்டியை வாங்குவதற்கு முன்னாலேயே சொன்னார். "சார், அந்த ரிசல்ட் தப்பு. நாங்க ஏமாந்துட்டோம். அவங்க மிதிக்கவே இல்லை."

பேராசிரியர் சிரித்தார். உயரமான மனிதர், கோட்டும் அங்கவஸ்திரமும் போட்டிருந்தார். "மிஸ் சகாயராணி, பெரிய கண்டுபிடிப்பு பண்ணினவங்க எல்லாருக்கும் கடைசி நிமிஷத்துல இந்தச் சந்தேகம் வரும். தன்னடக்கம் நல்லதுதான். ஆனா அளவோட இருக்கணும்."

"இல்லை சார். கையால சுத்தியிருக்காங்க."

"கையிலயும் தசைதானே இருக்கு?" என்று சொல்லிவிட்டு அவர் வண்டியில் ஏறிக்கொண்டார்.

அறையில் கூட்டம் நெரிந்தது. பிரின்சிபால் கையில் ஒரு அளவு டேப்போடு வந்திருந்தார். எதற்கென்று யாரும் கேட்கவில்லை. விருந்தாளிக்கென்று ஜமால் பாய் ஒரு தேக்சா பிரியாணியோடு வந்து மூலையில் நின்றார். பெரிய மனிதர் மெட்ராசிலிருந்து மொக்கைச்சாமியைப் பார்க்க வருகிறாராம் என்று கேள்விப்பட்டு, செம்பட்டியிலிருந்து சம்பந்தி வீட்டார் இரண்டு பேர் வந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்கள். மாமா அவர்களைப் பார்த்தார். அவர் முகம் பெடலில் ஏறுவதற்கு முன்னாலேயே வெளிறிவிட்டது.

அம்மா பட்டையைத் தானே இறுக்கினார். படிக்கல்லைத் தானே மாட்டினார். "கதவு திறந்தே இருக்கட்டும்" என்றார். தாளப்பெட்டி டக் டக் என்றது.

மாமா மிதித்தார். இந்தத் தடவை உண்மையாகவே. நெற்றியில் வியர்வை வழிந்து மீசையில் இறங்கியது. பேராசிரியர் கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "அற்புதம், அற்புதம்" என்றார். கொஞ்ச நேரத்தில் பெடல் டக் டக்குக்குப் பின்தங்கியது. மாமா பல்லைக் கடித்து எட்டிப் பிடித்தார். மறுபடி பின்தங்கியது. தொடை நடுங்க ஆரம்பித்தது. உதடு நீலம் பாய்ந்தது.

"மாமா, போதும்" என்றேன்.

கேட்கவில்லை. ஜன்னலில் இரண்டு முகங்கள் இருந்தனவே. விழுந்தாலும் விழுவார், சொல்ல மாட்டார். விழுந்தாலோ சம்பந்தம் போச்சு. விரலைக் குத்தவும் விடமாட்டார், அம்மாவின் ஆராய்ச்சியும் போச்சு.

பெடல் மறுபடியும் பின்தங்கியது. அப்போது அம்மா முன்னால் வந்து சைக்கிளின் ஹாண்டில் மேல் கையை வைத்தார். ஜன்னல்வரைக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னார்: "அண்ணே, நிறுத்திக்கங்க. மெஷினுக்கு மேல்மூச்சு வாங்குது. இனி தாங்காது."

கால் அந்தக் கணமே நின்றது. மாமா கவிழ்ந்து ஹாண்டில் மேல் தலையை வைத்துக்கொண்டார். யந்திரத்தைத் தட்டிக் கொடுப்பது போலத்தான் வெளியே தெரிந்திருக்கும். பேசும் அளவுக்கு மூச்சு திரும்பியதும், "பாவம், வாயில்லாச் சீவன்" என்றார்.

ஜன்னலில் ஒருவர் மற்றவரிடம் சொன்னார்: "பாத்தியா, மாமனை இரும்பே தாங்கல."

அம்மா விரலைத் துடைத்துக் குத்தினார். மாமா மறுபேச்சில்லாமல் கொடுத்தார். களைத்தது மெஷின்; தான் விரலைத் தருவது ஒரு மரியாதைக்கு. சாப்பாடு முடிந்து சம்பந்தி வீட்டாரும் கிளம்பிப் போன பிறகு நாங்கள் காய்ச்சி எடுத்தபோது குழாயில் ஊதா ஏறியது. ஏறிக்கொண்டே போய்க் கத்தரிக்காய் நிறத்தில் நின்றது. மாமா அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "நம்ம தோட்டத்துக் காய்தான்" என்றார்.

பேராசிரியர் முகம்தான் இருண்டுவிட்டது. திண்டுக்கல் மனிதன் எல்லா மனிதனைப் போலவும் புளித்துவிட்டான்.

"இதை நான் மெட்ராஸ்ல எப்படிச் சொல்வேன்?" என்றார். அப்புறம் குரல் உயர்ந்தது. "அதுவும் இருக்கட்டும். இவர் ஏன் நிறுத்தினார்? களைத்ததாகச் சொல்லவே இல்லையே? மெஷின் களைத்தது என்று எந்த ஜர்னலில் எழுதுவீர்கள்?"

"தாளத்துக்கு மூணு தடவை பின்தங்கினா நிறுத்திடணும்னு எழுதலாம் சார். ஆள் சொல்லவே வேண்டாம். நான் பார்த்துக்கிட்டே இருந்தேன், மூணாவது தடவைதான் கையை வச்சேன்." அம்மா நிதானமாகத்தான் பேசினார்.

"ஆள் வாயால் சொல்லாத களைப்பு ஒரு களைப்பா? மனஉறுதி உள்ள மனிதன் தன் உடம்பை அறிவான். முடியாதபோது முடியாதென்று சொல்வான். இது விஞ்ஞானம் இல்லை அம்மா, வேடிக்கை. மன்னிக்கணும், என்னால் சிபாரிசு பண்ண..."

பிரின்சிபால் டேப்பின் ஒரு நுனியை என் கையில் கொடுத்துச் சுவரோரம் பிடிக்கச் சொன்னார். நானும் பிடித்துத் தொலைத்தேன்.

நாற்காலியில் சாய்ந்து சோடா குடித்துக்கொண்டிருந்த மொக்கைச்சாமி மாமா தொண்டையைக் கனைத்தார். "சாமி ஒருதரம் ஏறிப் பாருங்களேன். கீழ நின்னு கேள்வி கேக்குறது எல்லாருக்கும் வரும்."

"ஏங்க, பெரியவுகளை ஏன் வம்புக்கு இழுக்குறீக?" என்றார் ராமுத்தாய் அத்தை. "அவுகளுக்கு வயசாயிருச்சுல்ல?"

பேராசிரியர் கோட்டைக் கழற்றினார். "காலேஜ் நாளில் நான் டென்னிஸ் சாம்பியன், தெரியுமோ?" என்று யாரையும் பார்க்காமல் சொன்னார். அங்கவஸ்திரத்தை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். "பாருங்கள். முடியாதபோது நான் சொல்வேன். அதுதான் முறை."

"கண்டிப்பா சொல்லணும் சார்" என்றார் அம்மா.

தாளப்பெட்டி அடித்தது. ஆரம்பம் ஜோராகத்தான் இருந்தது. பேராசிரியர் பேசிக்கொண்டே மிதித்தார். பிறகு பேச்சு நின்றது. பிறகு காது சிவந்தது. ஜமால் பாய் தேக்சா மூடியைக் கீழே வைத்துவிட்டுக் கிட்டே வந்தார்.

"சார், களைப்பா?"

"நோ."

பெடல் ஒருதடவை பின்தங்கியது. மாமா நாற்காலியை இழுத்து நேர் எதிரே போட்டுக்கொண்டார்.

"சார்?"

இந்தத் தடவை 'நோ' கூட வரவில்லை. தலை மட்டும் ஆடியது. இரண்டாவது தடவை பின்தங்கினார். மூன்றாவது தடவை. நான் அம்மாவைப் பார்த்தேன். அவர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான்காவது தடவையும் ஆயிற்று. அவர் மெதுவாகக் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தார்.

"டீச்சர், மவுத்தாயிடப் போறாரு" என்று பாய் பதறினார்.

அப்புறம்தான் அம்மா நடந்து வந்தார். "சார், மெஷின்..."

"ஆமாம்!" என்று பேராசிரியர் பாய்ந்து பிடித்துக்கொண்டார். "மெஷின்... சரியில்லை... நானே... சொல்லணும்னு..." நானும் பாயும் இரண்டு கக்கத்திலும் கைகொடுத்து இறக்கினோம். கால் தரையில் பட்டும் தரையில் நிற்கவில்லை. மாமா எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தார். அதில் கேலி இல்லை, பட்டவனுக்குப் பட்டவன் காட்டுகிற மரியாதை.

விரலைக் கேட்டபோது பேராசிரியர் தயங்கினார். அறை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. நீட்டினார்.

சாயங்காலம் அவருடைய குழாயை மாமாவின் குழாய்க்குப் பக்கத்தில் நிறுத்தினோம். மாமாவுடையது கத்தரிக்காய் என்றால் இது நாவற்பழம்.

"ஐயாவுக்கு ரொம்பப் புளிச்சிருக்கு" என்றார் அத்தை.

பேராசிரியர் குழாயை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "விரலில் வியர்வை இருந்திருக்கிறது. வியர்வையிலும் லாக்டிக் அமிலம் உண்டு, மறக்க வேண்டாம். அது கலந்து கணக்கைக் கெடுத்துவிட்டது."

ஸ்பிரிட்டால் இரண்டு முறை துடைத்தது நான். வாயைத் திறந்தேன். அம்மா என் காலை மிதித்தார்.

"இருக்கலாம் சார். அந்தச் சந்தேகத்தை விட்டுவைக்கக் கூடாது. மறுபடி செய்து பார்க்கணும். ஒரு வருஷம் கழிச்சு, இதே மெஷின்ல, இதே பட்டையில செஞ்சாத்தான் சரியா இருக்கும்." கொஞ்சம் நிறுத்தினார். "ஆனா அதுக்குள்ள இங்க கேரம் பலகை வந்துடும். இன்னைக்கு எழுதின எண்தான் கடைசியா நிக்கும்."

பேராசிரியர் நாவற்பழக் குழாயைப் பார்த்தார். கத்தரிக்காய்க் குழாயைப் பார்த்தார். பிரின்சிபால் பக்கம் திரும்பினார்.

"இந்த அறையில் ஒரு ஆணியைக்கூட யாரும் நகர்த்தக் கூடாது" என்றார். "உதவித்தொகை தொடரும். அடுத்த மார்ச்சில் நான் வருவேன்."

பிரின்சிபால் டேப்பைச் சுருட்டினார். அதன் மறுநுனி இன்னும் என் கையில்தான் இருந்தது.

அடுத்த மார்ச்சில் வந்தார். கடற்கரையில் தினமும் நடப்பதாகச் சொன்னார், இளைத்திருந்தார். ஊதா குறைந்திருந்தது, ஆனால் மாமாவைவிட ஒரு இழை அதிகம். சும்மா இருப்பாரா? அதற்கடுத்த வருஷம் வீட்டிலேயே ஒரு சைக்கிளை நிறுத்தி மிதித்துப் பழகிவிட்டு வந்தார். இதைக் கேள்விப்பட்ட மாமா, மகள் கல்யாணம் முடிந்து சம்பந்திப் பயமும் விட்டுப்போன நிலையில், மார்க்கெட்டுக்கு வண்டியில் வருவதை விட்டுவிட்டுச் சைக்கிளில் மூட்டை கட்டிக்கொண்டு வர ஆரம்பித்தார். "மெட்ராஸ்காரரு வாராருல்ல மாப்ள" என்பார். வருஷா வருஷம் இரண்டு குழாய்களும் வெளிறிக்கொண்டே வந்தன. ஒரே உடம்பு, பழகப் பழக, அதே வேலைக்குக் குறைவாகவே அமிலத்தைச் சுரக்கிறது என்பதை இரண்டு மனிதர்களில் வருஷக் கணக்கில் தொடர்ந்து பார்த்துக் கோடு போட்டார் சகாயராணி அம்மா. அவர் முதலில் தேடியதே அந்தக் கோட்டைத்தான். மார்க்கெட் ஆட்கள் பலரும் பிறகு ஏறினார்கள். மெஷினுக்குத்தான் மேல்மூச்சு வாங்கும் என்று தெரிந்தபின் யாருக்கும் பயமில்லை. ஆனால் ஆய்வேட்டின் முதுகெலும்பு அந்த இரண்டு பேர்தான்.

1966-இல் ஆய்வேட்டைக் கொடுத்தார். பல்கலைக்கழகம் அதைப் பரிசோதிக்க அதே பேராசிரியரைக் கேட்டது. இந்த ஆய்வில் நானே ஒரு சோதனை ஆள், நான் எப்படி மதிப்பெண் போடுவது என்று அவர் மறுத்துவிட்டார். வேறு ஒருவர் படித்துப் பட்டம் கொடுத்தார். மேட்டுப்பட்டியில் சதை டாக்டர் நிஜமாகவே டாக்டர் ஆனார். மூட்டுவலிக்காரர்கள் மறுபடியும் வர ஆரம்பித்தார்கள்.

பட்டம் வந்த வாரம் பேராசிரியர் திண்டுக்கல் வந்தார். ஜமால் பாய் கடையில் எல்லாரும் உட்கார்ந்தோம். ஆய்வேட்டைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவர், ஒரு பக்கத்தில் விரலை வைத்து அம்மாவைக் கூப்பிட்டார்.

"எல்லாம் சரி. இதில் என்னை 'ஆள் எண் இரண்டு' என்று போட்டிருக்கிறீர்களே?"

"ஆமா சார்."

"கடைசி மூன்று வருஷமும் என் ஊதாதான் குறைவு. அச்சுக்குப் போகும்போதாவது எண் ஒன்று ஆக்கலாமே?"

பக்கத்து இலையில் எலும்பைக் கடித்துக்கொண்டிருந்த மொக்கைச்சாமி மாமா நிமிர்ந்து பார்த்தார்.

"முடியாது சார்," என்றார் டாக்டர் சகாயராணி. "முதல்ல விழுந்தது அவர்தான்."